எம்மேப் செய்த பெர்சிஸ்டென்ட் மெமரியில் எழுதினாலே போதுமா, எஃப்சிங்க் எதற்கு?

போதாது. போதும் என்று நம்பி ஏமாந்தவன் சொல்கிறேன். (பெர்சிஸ்டென்ட் மெமரி என்றால் கரண்ட் போனாலும் அழியாத மெமரி. எம்மேப் என்பது ஃபைலைப் புரோகிராமின் மெமரி போலவே காட்டும் வசதி. எஃப்சிங்க், எழுதியதை நிலையாகச் சேர்க்கச் சொல்லும் கட்டளை.)

மண்டபம் என்ற எங்கள் ஊரில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு சர்வர் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். டாக்ஸ் முறையில் (நடுவில் ரேம் நகல் இல்லாமல் மெமரியை நேராக அணுகும் முறை) மவுன்ட் செய்த ஃபைலை எம்மேப் செய்து, பாயின்டர் வழியாக நேராக எழுதினேன். நடுவில் புரோகிராமைக் கொன்று பார்த்தேன், எல்லாப் பதிவும் இருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் அங்கிருந்த நண்பரைப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். கடைசிப் பதிவுகளில் சிலவற்றைக் காணோம்.

எங்கள் ஊர் மீன் ஏலத்தில் கூட்டம் நெருக்கினால் கணக்குப்பிள்ளை எடையை மனசில் வைத்துக்கொண்டு, பிறகுதான் நோட்டில் ஏற்றுவார். யார் கேட்டாலும் சரியாகச் சொல்வார். ஆனால் அவர் மயங்கி விழுந்தால் நோட்டில் ஏறியதுதான் கணக்கு. பிராசசருக்குள் இருக்கும் சின்ன, வேகமான மெமரியான பிராசசர் கேஷும் அப்படித்தான். புரோகிராம் செத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் போனால் போச்சு. (கேஷையும் சேர்த்துக் காப்பாற்றும் இஏடிஆர் மெஷின்கள் விதிவிலக்கு.)

டாக்ஸில் பேஜ் கேஷ் (ஃபைலுக்கு ரேமில் வைக்கும் நகல்) கிடையாது. ஒரு பேஜை (மெமரியின் ஒரு துண்டு) முதலில் தொடும்போது பேஜ் ஃபால்ட் என்ற குறுக்கீடு வரும். வந்ததும் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அந்த மெமரியின் முகவரியையே உங்கள் பேஜ் டேபிளில் (எந்தப் பேஜ் எங்கே என்ற பட்டியல்) போட்டுவிடுகிறது. முதல் முறை எழுதும்போது வரும் ஃபால்ட்டில் அந்தப் பேஜைக் குறித்துக்கொள்ளும். அதன்பின் நீங்கள் எழுதுவது எதுவும் அதற்குத் தெரியாது. எஃப்சிங்க் கூப்பிட்டால், குறித்த பேஜ்களை எழுத முடியாதபடி பூட்டி, பிராசசர் கேஷில் தங்கியதை மெமரிக்குத் தள்ளும். மறுபடி எழுதினால் மறுபடி ஃபால்ட். அடிக்கடி கூப்பிட்டால் வேகம் படுத்துவிடும்.

அப்படியானால் நாமே 64 பைட் துண்டு துண்டாக சிஎல்டபிள்யூபி (கேஷில் உள்ளதை மெமரிக்குத் தள்ளும் பிராசசர் கட்டளை), கடைசியில் எஸ்ஃபென்ஸ் (தள்ளியதை அடுத்து எழுதும் முன் முடிக்கவைக்கும் கட்டளை) போட்டுக்கொள்ளலாமே? போடலாம். ஆனால் ஃபைல் வளரும்போது எந்தப் பிளாக் யாருடையது என்ற விவரம் ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னலில் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) இன்னும் ஏறாமல் இருக்கலாம். எடையைத் துண்டுச் சீட்டில் எழுதியாயிற்று, சீட்டு எந்த நோட்டைச் சேர்ந்தது என்று எங்கும் இல்லை, அந்த நிலைமைதான். இதற்காகவே லினக்ஸ் 4.15-ல் எம்மேப்புக்கு மேப்_சிங்க் என்ற கொடி வந்தது. எழுத அனுமதி தரும் முன்பே அந்த விவரத்தைக் கர்னல் உறுதிப்படுத்திவிடும். அதை மேப்_ஷேர்ட்_வேலிடேட் என்ற இன்னொரு கொடியுடன்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மேப்_சிங்க் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். நான் அரை நாள் தொலைத்தது இங்கேதான்.

இன்டெல் 2022-ல் தன் பெர்சிஸ்டென்ட் மெமரியான ஆப்டேனைக் கைவிடுவதாக அறிவித்ததால் பொருள் கிடைப்பது கஷ்டம். சாதாரண ரேமில் ஒரு பகுதியைப் பெர்சிஸ்டென்ட் மெமரி போலக் காட்ட கர்னலிலேயே வழி உண்டு, கோடு ஓட்டிப் பார்க்க அது போதும். எங்கள் ஊர் கரண்ட் கட்டை வைத்து அதைச் சோதிக்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், மொத்தமும் போய்விடும்.