பத்து மணி ஒத்திகை

கேள்வி: வயலினுக்கும் முகவீணை என்ற ஊதுகுழலுக்குமாக அரை மணி நேர இசை ஒன்று எழுதியிருக்கிறேன். சென்னையில் பரதம் ஆடும் தோழி அதற்கு ஆடுகிறார். முகவீணை என் அப்பா. செய்யாறு பக்கம் தெருக்கூத்து மேளத்தில் முப்பது ஆண்டுகளாக ஊதுகிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை வைத்தால் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். எழுதிக் கொடுத்த ஸ்வரத்தையும் மாற்றுகிறார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: தம்பி, அந்த நாற்காலியை விட்டு என்னால் நகர முடியவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கூத்து நடக்கும் காலம் இது. சனிக்கிழமை இரவு மேளம் கட்டினால் விடியும்போதுதான் இறக்குவார்கள். அதன்பின் செய்யாற்றில் பஸ் ஏறி, ஆற்காட்டில் மாறி, காட்பாடிக்கு வந்து உங்கள் நாற்காலியில் உட்காருகிறார். தூங்காமல் என்ன செய்வார்? செவ்வாய்க்கிழமை மாலையில் ஒத்திகை வைத்தால் எந்தக் குடி முழுகும்? சென்னைத் தோழிக்கு ஞாயிறுதான் தோது, அப்படித்தானே? அவருடைய தோதை விசாரித்தீர்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் வயலின் வகுப்புக்கு எந்தப் பணம் போனது என்பதும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஸ்வரத்தை மாற்றுகிறாராம். கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது ஓர் அடி நீட்டுவார், ஓர் அடி முழுங்குவார். மேளம் அவரை விட்டுவிடக் கூடாது. முப்பது ஆண்டுகள் அப்படி ஊதியவர் உங்கள் தாளையா பார்த்துக்கொண்டிருப்பார்? அந்தப் பெண்ணின் காலைத்தான் பார்த்திருப்பார். அவர் பிந்திய இடத்தில் இவர் நீட்டியிருப்பார். ஒத்திகையைப் பதிவு செய்திருந்தால் போட்டுப் பாருங்கள். ஆட்டமும் இசையும் கைகோக்கும் புது முயற்சி என்று நோட்டீஸில் போடப் போகிறீர்கள். கூத்தில் ஆடுகிறவரே பாடி, வசனம் பேசி, தன் முகத்துக்குத் தானே அரிதாரமும் பூசிக்கொள்கிறார்.

இசைக்கும் ஒன்று சொல்கிறேன். முகவீணை சாண் கணக்கில் உள்ள குழல்தான், ஆனால் திறந்த வெளியில் ஊர் கேட்க ஊதுவது. அதோடு சேர்ந்து வில் போட்டால் வயலின் காணாமல் போகும். அவர் விடும் இடத்தில் நீங்கள் எடுங்கள். சுருதி சேரவில்லை என்றால் உங்கள் தந்திகளை முறுக்குங்கள். அவர் குழலுக்குத் துளை போட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

வேறு ஆள் கூடாது. பெற்ற தகப்பனை நிறுத்திவிட்டு அதே கருவிக்கு அடுத்தவரை உட்கார வைக்கும் பிள்ளைக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வராது.

வரும் சனிக்கிழமை எந்த ஊரில் கூத்து என்று அவரிடம் கேளுங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு போய் மேளக்காரர்களுக்குப் பின்னால் விடியும்வரை உட்காருங்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுங்கள். ஆற்காட்டில் இறங்கியதும் டீ வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு ஒத்திகைப் பேச்சை எடுக்க வேண்டாம்.