செத்தவரே பேசிய பிறகும் எதற்குத் துப்பறிவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் முன்பு ஒரு பதிலில் குறிப்பிட்டிருந்ததைப் படித்துவிட்டு நானும் கணவரும் 'புஷிங் டெய்சீஸ்' தொடரைப் பார்க்கத் தொடங்கினோம். இரண்டாம் சீசனில் சீன உணவகத்துக் கொலை வரும் எபிசோட் வரை வந்துவிட்டோம். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். "செத்தவரையே எழுப்பி, உன்னைக் கொன்றது யார் என்று கேட்டுவிடலாம் என்றால் அப்புறம் எதற்குத் துப்பறிவது? இது மந்திரக் கதை" என்று வாதாடுகிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இன்னொன்று, சீன உணவகம் என்றதுமே மறைவாக ஒரு சூதாட்டம் நடப்பதாகக் காட்டியது எனக்கு உறுத்தலாக இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் இரண்டு கேள்விகளுமே பழைய கேள்விகள். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். இரண்டாவது விதி, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதுவும் கதைக்குள் வரக்கூடாது என்பது. ஐந்தாவது விதி, கதையில் சீனர் வரக்கூடாது. நீங்கள் பார்த்த எபிசோட் இரண்டையும் ஒரே நேரத்தில் மீறுகிறது. முதல் மீறலில் அது முழுதாக ஜெயிக்கிறது. இரண்டாவதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரையன் ஃபுல்லர் உருவாக்கிய இந்தத் தொடர் 2007 முதல் 2009 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. நாயகன் நெட், பழம் வைத்துச் சுடும் 'பை' பலகாரம் விற்பவன். செத்த உயிர் எதையும் அவன் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் நிரந்தரமாகச் செத்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி தொடாவிட்டால் பக்கத்தில் இருக்கும் வேறொரு உயிர் அதற்கு ஈடாகப் போய்விடும். எமர்சன் காட் என்ற தனியார் துப்பறிவாளர் இதைத் தெரிந்துகொண்டு அவனைக் கூட்டாளி ஆக்கிக்கொள்கிறார். கொலையானவரை எழுப்புவது, யார் கொன்றது என்று கேட்பது, பரிசுப் பணத்தைப் பங்கு போடுவது. இதுதான் அவர்களுடைய தொழில்.

உங்கள் கணவர் மந்திரத்தைப் பார்க்கிறார். அதற்குப் போட்டிருக்கும் கட்டுகளைப் பார்க்கவில்லை. நாக்ஸ் ஏன் மந்திரத்தை விலக்கினார்? எழுத்தாளர் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு பேயைக் கூப்பிட்டுத் தப்பித்துவிடுவார், வாசகருக்கு அது நியாயமாக இருக்காது என்பதால்தான். இந்தத் தொடரில் அந்த வழியே கிடையாது. எத்தனை தொடுதல், எத்தனை நொடி, என்ன விலை என்று முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் அந்த நிபந்தனைகள் நாயகனையே நெருக்குகின்றன. அழுகிய ஸ்ட்ராபெரியை அவன் தொட்டால் புதுப்பழமாகிவிடும். அதுவே அவன் வாயில் பட்டால் மறுபடி அழுகிவிடும். ஆகவே தான் சுட்ட பலகாரத்தை அவனால் சாப்பிட முடியாது. அவன் காதலிக்கும் சக் என்ற பெண் அவனே எழுப்பியவள். அவள் கையைக்கூட அவன் பிடிக்க முடியாது. தன் நாயகனை இவ்வளவு கறாராகக் கட்டிப்போட்ட துப்பறியும் கதைகள் குறைவு.

அடுத்தது இன்னும் முக்கியம். கொலையானவருக்குத் தன்னைக் கொன்றது யார் என்று தெரிந்திருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏன் தெரிந்திருக்க வேண்டும்? முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். சக் கப்பலில் கொல்லப்படுகிறாள். பிளாஸ்டிக் பையால் முகத்தை மூடி மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். நெட் எழுப்பிக் கேட்டால், ஆளைப் பார்க்கவில்லை என்கிறாள். அவள் சொல்வது ஒரு சாட்சியம், அவ்வளவுதான். சாட்சிக்குக் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்ததிலும் பாதியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். வழக்கமான கதையில் துப்பறிவாளர் பிணத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். இங்கே பிணம் வாய்திறந்து பேசுகிறது. அதன் பிறகு அலைய வேண்டிய அலைச்சல் இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால்தான் சீன உணவக எபிசோடில் சமையற்காரரின் கொலையைத் தேடி இவர்கள் உள்ளேயே புக வேண்டியிருக்கிறது. உணவகம் வேவு பார்ப்பதற்கென்றே அமைந்த இடம். பரிமாறுபவரின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதிய, பாதர் பிரவுன் என்ற பாதிரியார் துப்பறியும் கதை ஒன்று இதன்மேல்தான் நிற்கிறது. கனவான்களின் மாலை உடையும் வெயிட்டரின் உடையும் ஒரே கறுப்புக் கோட்டு. திருடன் கனவான்கள் நடுவே வெயிட்டர் மாதிரி விறுவிறுவென்று போகிறான். வெயிட்டர்கள் நடுவே கனவான் மாதிரி சாவகாசமாக நடக்கிறான். ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பாதிரியார் காலடிச் சத்தம் மாறுவதை வைத்தே அவனைப் பிடிக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை அது.

இந்த எபிசோடில் வருவது போல டிம் சம், அதாவது சிறுசிறு சீனப் பலகாரங்கள், பரிமாறும் இடம் என்றால் இன்னும் வசதி. குவாங்டாங் பகுதித் தேநீர்க் கடைகளிலிருந்து வந்த வழக்கம் இது. மூங்கில் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டி மேசை மேசையாக வரும். மூடியைத் திறந்தால் ஆவி அடங்கியதும் நம் கொழுக்கட்டை போல மாவுக்குள் இறால் வைத்து மடித்தது நான்கு இருக்கும். மாவு மெல்லிசு, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். எடுத்துக்கொண்டால் மேசையில் இருக்கும் அட்டையில் ஒரு முத்திரை விழும். கடைசியில் முத்திரைகளை எண்ணித்தான் பில். தேநீர் தீர்ந்துவிட்டால் கூப்பிட வேண்டியதில்லை, கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும். ஊற்றியவருக்கு நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார்கள். வாயைத் திறக்காமலே பாதி உரையாடல் நடந்துவிடும் இடம் இது. அங்கே சீட்டுக்குப் பதிலாக டிம் சம்மையே வைத்துப் போக்கர் ஆடுகிறார்கள் என்று எழுதியவர் அந்த இடத்தைக் கவனித்திருக்கிறார். எல்லார் கண்ணெதிரிலும் வண்டியில் உருண்டு போவதுதான் தடயம். இந்த எபிசோடில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அது நியாயமானது. நாக்ஸின் ஐந்தாவது விதியை இன்று படித்தால் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அவர் குறிவைத்தது அன்றைய மலிவு மர்மக் கதைகளை. ஃபூ மாஞ்சு போன்ற வில்லன்களை வைத்து, கொலை என்றால் சீனர், சூதாட்டம் என்றால் சீனர், நிலவறை என்றால் சீனர் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம். அந்தச் சோம்பேறித்தனம் வேண்டாம் என்பதுதான் விதி. 2008இல் வந்த இந்த எபிசோட் சீனர்களைக் கதைக்குள் கொண்டுவந்தது நல்லது. ஆனால் சூதாட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அந்த உணவகத்தின் பாத்திரம், பண்டம், வண்டி எல்லாவற்றையும் பார்த்த கண், அங்கே வேலை செய்கிறவர்களை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. எமர்சனுக்கும் நெட்டுக்கும் கிடைக்கும் மனக்குழப்பங்களில் கால்வாசியாவது அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அதற்குக் கதைப்பஞ்சமா என்ன? 1882இல் அமெரிக்கா சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடாமல் நிறுத்தியது. 1943 வரை அந்தத் தடை நீடித்தது. வணிகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளியும் வணிகர்தான் என்று ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சீன உணவகங்கள் மளமளவென்று பெருகின. ஆனால் வணிகர் என்றால் உடலுழைப்பு வேலை செய்யக்கூடாது. சமைக்கக்கூடாது, பரிமாறக்கூடாது. அதற்குச் சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அதனால் பல பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு உணவகத்தைத் திறப்பார்கள். ஆளுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று முறை வைத்து மேலாளராக இருப்பார்கள். அந்த முறை வரும்போதுதான் ஊருக்குப் போய்த் திரும்பவோ, குடும்பத்தை அழைத்து வரவோ வழி பிறக்கும்.

அதாவது சீன உணவகத்துக்குள் நடந்த அசல் துப்பறிதல் இது. முதலாளி கையில் தட்டு எடுத்தாரா என்று குடியேற்ற அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நெரியும் ஒரு ராத்திரி, பரிமாற ஆள் போதவில்லை. ஊரிலிருக்கும் மனைவி வர வேண்டும் என்றால் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தத் தொடரின் எழுத்தாளர்கள் இதை எடுத்திருந்தால் எப்படி எழுதியிருப்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருக்கிறது. காதலியைத் தொட முடியாத நாயகனுக்குப் பக்கத்தில், தட்டைத் தொட முடியாத ஒரு மனிதன்!

நீங்கள் இருவரும் பார்க்க இன்னும் எட்டு எபிசோடுகள் இருக்கின்றன. மொத்தமே இருபத்திரண்டுதான். ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் முதல் சீசன் ஒன்பதோடு நின்றது. இரண்டாவது பதின்மூன்றோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் கணவருக்கு ஒரு யோசனை. அடுத்த எபிசோடில் பிணம் பேசி முடித்ததும் நிறுத்திவிட்டு, கொலைகாரர் யார் என்று அவரிடமே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.