கைரேகை விழாதவர்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பட்டறையில் பத்து வருஷமாக சிஎன்சி மெஷின் (கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டுகிற மெஷின்) ஓட்டுகிறேன். நைட் ஷிப்டு முடித்து வந்து படிக்கிற ஆள். விண்கலம், வேற்றுக்கிரகப் போர் என்று நிறையப் படித்திருக்கிறேன், பிடிக்கவும் செய்யும். ஆனால் லைன்மேன், ரேஷன் கடை ஊழியர், மீன் விற்கிற அம்மா என்று நம் பக்கத்து ஆட்கள் வருகிற அறிவியல் கதை தமிழில் எங்காவது கண்ணில் பட்டால் இரண்டு நாளைக்கு மனசை விட்டுப் போவதில்லை. ஏன்? என் நண்பரிடம் கேட்டால், "அது வெறும் சமூகக் கதை. ரோபோ வேஷம் கட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நானும் ஒரு கதை பாதி எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் மெஷினில் டூல், அதாவது உலோகத்தை வெட்டுகிற முனை, தேய்ந்தால், திரையில் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம். அந்தக் காதை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்கிறது. அதுதான் கதை. பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்து எல்லாவற்றையும் விளக்க ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டது.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கதையிலிருந்து அறிவியலை உருவிவிட்டு மிச்சத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதை அப்படியே நின்றால் அவர் ஜெயித்தார். அந்த மாதிரிக் கதைகள் நிறையவே வருகின்றன. டீக்கடையில் ரோபோ டீ ஆற்றும். அதன் இடத்தில் பழைய மாஸ்டரையே நிறுத்தினாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

உருவ முடியாத கதைக்கு உதாரணம் தேடி எதிர்காலத்துக்குப் போக வேண்டாம், ரேஷன் கடை வரை போனால் போதும். 2020-ல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. சித்தாள் வேலை பார்த்தவர்கள், வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவர்கள், களை பறித்தவர்கள் வயதான காலத்தில் வந்து விரலை வைக்கிறார்கள். மெஷின் ஏற்பதில்லை. "ரேகை விழலை பாட்டி, கையைத் துடைச்சிட்டு வைங்க." துடைத்து வைத்தாலும் விழாது. ரேகையெல்லாம் செங்கல்லிலும் சாம்பலிலும் போய்விட்டது. இத்தனை வருஷம் உழைத்த கை, 'இது நான்தான்' என்று சொல்லத் தகுதியில்லாத கையாகிவிட்டது. இதில் மெஷினை எடுத்துவிட்டால் கதை இல்லை. பாட்டியின் உழைப்பை எடுத்துவிட்டாலும் இல்லை. இந்தக் கதையை ஒரு விஞ்ஞானியை நாயகனாக வைத்து எழுதவே முடியாது, அவர் விரலில் ரேகை பத்திரமாக இருக்கும். (இப்போது கருவிழிக்கும் வந்துவிட்டார்கள். அங்கே கண்புரை என்று தனி அத்தியாயம் இருக்கிறது.)

இதையே அரை அடி முன்னால் தள்ளிப் பாருங்கள். ஊரில் பாதிப் பேருக்கு ரேகை விழுவதில்லை. ஒரே ஒரு பையனுக்கு அச்சு மாதிரி விழுகிறது. அவனை யாரும் மண்வெட்டியைத் தொட விடுவதில்லை. தயிர்ப்பானையைக் கழுவப் போனால்கூட அம்மா பதறிப்போய்ப் பிடுங்குகிறாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையைக் காட்டச் சொல்கிறார்கள். இதில் ஒரு விண்கலமும் பறக்கவில்லை, ஆனாலும் இது அறிவியல் புனைவுதான் என்று உங்கள் நண்பரே ஒத்துக்கொள்வார்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம். 'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் இதே மாதிரிக் கூலியில்லாத கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். தமிழில் ஒருவர் முந்திக்கொண்டிருந்தால் எந்திரனை இன்று உலகமே வெட்டியான் என்று கூப்பிட்டிருக்கும். ஆக, சமூகக் கதைக்கு ரோபோ வேஷம் கட்டியதாக அவர் சொல்கிறாரே, ரோபோவே சமூகக் கதையிலிருந்து வந்ததுதான்.

நம் மொழியில் படிக்கும்போது மட்டும் ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறது? 'நம்ம ஊர்' பாசம் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையின் அறிவு அந்த வேலைக்கான சொல்லோடுதான் வருகிறது. குமரிக் கடற்கரை மீனவர்களிடம் 'கணியம்' என்று ஒன்று உண்டு. கடலில் நின்று கரையைப் பார்ப்பார்கள். ஒரு கோயில் கோபுரமும் பின்னாலிருக்கும் மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளமும் அதேபோலச் சேரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில், தண்ணீருக்கு அடியில், மீன் கிடக்கும் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கிறது. காகிதமும் பென்சிலும் இல்லாத வடிவியல். ஒரு நாள் காலையில் செயற்கைக்கோள் எல்லாம் ஊமையாகிவிட்டால் யார் பாருக்குப் போய்த் திரும்புவார் என்று ஒரு கதை எழுதினால், 'கணியம்' என்ற ஒரு சொல் அரைப் பக்கம் விளக்கத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அந்தத் தாத்தாவை ஞானியாக்கிவிடாதீர்கள். மூடுபனியில் கணியம் உதவாது, செயற்கைக்கோள் பேசிக்கொண்டிருந்தவரை அங்கே பேரனின் ஜிபிஎஸ்தான் உதவியது. இரண்டு பேரும் சண்டை போடட்டும்.

இந்த வகைக் கதைகளில் எனக்குள்ள குறையே இதுதான். உழைப்பாளி என்றால் எப்போதும் அப்பாவி, மெஷின் வந்தால் கண்ணீர். நான் பார்த்த தொழிலாளிகள் மெஷினை ஏமாற்றுவதில் கில்லாடிகள். சின்ன ஆளை அழ வைக்காமலும் எழுதலாம். சத்யஜித் ராய் 1962-ல் வங்காள மொழியில் எழுதிய ஒரு சிறுகதையில், ஊரே கேலி செய்கிற கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். உலகம் ஒன்றும் காப்பாற்றப்படுவதில்லை. தன்னைத் தினமும் கிண்டல் செய்கிற கூட்டத்துக்குப் போய், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வெளியேறுகிறார். அந்தச் சின்ன ஆளுக்கு அவ்வளவு பெரிய விண்வெளி அதற்குத்தான் தேவைப்பட்டது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். விஞ்ஞானியை அடுத்த ரயிலிலேயே பெங்களூருக்கு அனுப்பிவிடுங்கள். டூல் தேய்வதைக் கேட்கிற காதை அந்தப் பட்டறைச் சத்தமே தின்றுகொண்டிருக்கிறது, இல்லையா? இதை எப்படி விட்டீர்கள்? விலை பேச வருகிற கம்பெனிக்காரன் முதலில் காதுப் பரிசோதனைதான் வைப்பான். பத்து வருஷ அனுபவக்காரருக்குப் பழகிய காது இருக்கும், ஆனால் பாதி போயிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முழுசாகக் கேட்கும், ஆனால் என்ன கேட்கிறது என்று தெரியாது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் இரண்டு பேரும் பரிசோதனை வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். அங்கிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.