வால்வு ஆம்ப் திறக்கும் முன்: கண்டன்சர் டிஸ்சார்ஜ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் பழைய வால்வு கிட்டார் ஆம்ப்பில் (கண்ணாடி வால்வுகளால் ஓடும் ஒலிபெருக்கி) ஓயாமல் இரைச்சல் வருகிறது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரை மாற்ற வேண்டுமாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் கண்டன்சரின் இரு முனைகளையும் ஷார்ட் செய்தால் போதும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம். வால்வு ஆம்ப்பில் 300 முதல் 500 வோல்ட் வரை டி.சி. இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 450 வோல்ட்டில் சுமார் 10 ஜூல் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். கைக்குக் கை பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்க்ரூ டிரைவர் பட்டால் வெடிச்சத்தத்தோடு உலோகம் உருகித் தெறிக்கும், கண்டன்சரின் உள் இணைப்பும் கெடும். தூக்கி எறியப்போகும் கண்டன்சர்தானே என்பார்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல கண்டன்சரையும் அதே ஸ்க்ரூ டிரைவரால்தானே தொடுவார்கள்?

கண்டன்சரை நிதானமாகக் காலி செய்ய (டிஸ்சார்ஜ்) 10 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். கால் வாட் ரெசிஸ்டர் ஆகாது. தொட்ட கணத்தில் 20 வாட் அதன்மேல் விழும். அது தாங்கும் வோல்ட்டேஜும் பொதுவாக 250தான். சிமென்ட் ரெசிஸ்டரின் ஒரு காலில் 1000 வோல்ட் தாங்கும் வயரும் முதலைக் கிளிப்பும், மறு காலில் மீட்டர் ப்ரோப் ஒன்றும் பற்றவைத்து, வெற்று உலோகம் தெரியாமல் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

ஸ்டாண்ட்பை சுவிட்ச் (வால்வுகளைச் சூடாக வைத்து, உயர் வோல்ட்டேஜை மட்டும் நிறுத்துவது) இருந்தால், வாசிக்கும் நிலையிலேயே விட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். சூடு ஆறாத வால்வுகளே கண்டன்சரில் தேங்கியதில் பெரும்பகுதியை இழுத்துவிடும். வால்வைக் கழற்றியிருந்தாலோ ஃபிலமென்ட் போயிருந்தாலோ இது நடக்காது. லோடு இல்லாததால் வோல்ட்டேஜ் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நிற்கும். 'செத்துப்போன' ஆம்ப் என்று அலட்சியமாகக் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிளக்கைக் கழற்றி, கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். மீட்டரை முதலில் ஒரு பேட்டரியில் வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு 1000 வோல்ட் டி.சி. ரேஞ்சில் கண்டன்சரின் குறுக்கே கிளிப்பால் மாட்டுங்கள். ரெசிஸ்டரின் கிளிப்பை முதலில் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) கடிக்க விடுங்கள். நம் கரையில் சேஸிஸ் துருவும் உப்புப் படலமுமாக இருக்கும். சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் மாட்டினால்தான் இணைப்பு உண்டு. பெயின்ட் மேல் மாட்டிவிட்டு டிஸ்சார்ஜ் ஆனதாக நம்புவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. இடது கை முதுகுக்குப் பின்னால், காலில் உலர்ந்த செருப்பு, விரலில் மோதிரம் வேண்டாம். இப்போது ப்ரோப்பைப் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். 100 மைக்ரோஃபாரடுக்கு 5 விநாடியில் 450 வோல்ட் 3 வோல்ட்டுக்கு இறங்கும். 10 விநாடி பிடியுங்கள். மீட்டரில் எண் இறங்கவில்லை என்றால் ரெசிஸ்டரோ இணைப்போ போய்விட்டது என்று அர்த்தம்.

ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஸ்டாண்ட்பை சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் முதல் கண்டன்சர் தனித்து நிற்கலாம். பெரிய ஆம்ப்களில் இரண்டு கண்டன்சர்கள் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இருக்கும். அவற்றை ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் குறுக்கே தனித்தனியாக அளந்து காலி செய்ய வேண்டும்.

கேள்வி: 100 வாட் குண்டு பல்பை வைத்து டிஸ்சார்ஜ் செய்யலாமா? கண்ணுக்குத் தெரியுமே.
— வாசகர், மண்டபம்

பதில்: எரிந்தால் தெரியும், எரியாவிட்டால் என்ன தெரியும்? கண்டன்சர் காலியா, ஃபிலமென்ட் அறுந்ததா என்று சொல்ல முடியாது. மங்கி அணைந்த பிறகும் பல வோல்ட் மிச்சமிருக்கும். போதாக்குறைக்கு, குளிர்ந்த ஃபிலமென்ட்டின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொட்டவுடன் பல ஆம்பியர் பாயும்.

கேள்வி: மீட்டரில் பூஜ்யம் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தால் 15 வோல்ட் காட்டுகிறது. பிளக் கையில்தான் இருக்கிறது!
— வாசகர், கீழக்கரை

பதில்: எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் சுபாவம் அது. உள்ளிருக்கும் மின்காப்புப் படலத்தில் தேங்கிய மின்னேற்றம் மெதுவாக முனைகளுக்குத் திரும்பும். பெரிய கண்டன்சரில் இன்னும் கூடுதலாகவே ஏறும். வேலை முடியும்வரை கிளிப் வைத்த வயரால் ரெசிஸ்டரை மாட்டியே வையுங்கள். ஆம்ப்பை மறுபடி போடும் முன் கழற்ற மறந்தால், 10 வாட் ரெசிஸ்டர் 20 வாட்டில் கருகிப் புகையும்.

கேள்வி: எங்கள் ஆம்ப்பில் கண்டன்சரைத் தானாகவே வடிக்கும் ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதே, பிறகு எதற்கு இத்தனை பாடு?
— வாசகர், தொண்டி

பதில்: 220 கிலோ ஓம் ப்ளீடர், 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரை 2 நிமிடத்தில் சுமார் 2 வோல்ட்டுக்கு இறக்கும், கால் அறுபடாமல் இருந்தால். கடலோரத்தில் ரெசிஸ்டர் கால்கள் பச்சை பூத்து, மேலே பார்க்க ஒட்டியிருப்பது போலவே இருந்து உள்ளே அறுந்திருக்கும். டிஸ்சார்ஜ் செய்த பின் ஒரு காலைப் பிரித்து ஓம்ஸில் அளந்து பாருங்கள். புதிது போடுவதானால் 2 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள். 450 வோல்ட்டில் அது எந்நேரமும் கிட்டத்தட்ட 1 வாட் சூட்டைத் தாங்க வேண்டும்.