ரூமுக்கு முழுப் பணமும் கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு சிட்டி டாக்ஸ்?

கேள்வி: லீவுக்கு ரோம்ல 4 நைட், பாரிஸ்ல 3, ஆம்ஸ்டர்டாம்ல 3ன்னு புக் பண்ணி பணமும் கட்டிட்டோம். எல்லாம் 4 ஸ்டார். நாங்க ரெண்டு பேர், பசங்களுக்கு 12 வயசு, 8 வயசு. இப்ப பாத்தா மெயில்ல அடியில பொடி எழுத்துல "சிட்டி டாக்ஸ் இதுல சேராது, ஹோட்டல்ல கட்டணும்"னு இருக்கு. ஏமாத்துறாங்களா? எவ்ளோ வரும்?

பதில்: ஏமாத்து இல்லங்க, நிஜமான வரிதான். ராத்திரி தங்குறவங்ககிட்ட ஊர் நிர்வாகம் போடுற வரி, ஹோட்டல்காரர் வசூல் பண்ணி அங்க கட்டணும். ஆனா பொடி எழுத்துல போடுறாங்க பாருங்க, அதுல எனக்கும் கடுப்புதான். ரேட்டை வச்சு ஹோட்டலை வரிசைப்படுத்தும்போது இந்தக் காசு பாதி இடத்துல கண்ணுலயே படாது, கடைசி பேஜ் வரைக்கும் போனாத்தான் தெரியும்.

ஊருக்கு ஊர் கணக்கே வேற. ரோம்ல தலைக்கு, ராத்திரிக்கு, ஸ்டாருக்கு ஏத்த மாதிரி. 2023 அக்டோபர்ல ஏத்தினதுலேந்து 4 ஸ்டாருக்கு 7.50 யூரோ. 10 வயசுக்குக் கீழ இருந்தா கிடையாது, அதனால சின்னது தப்பிச்சுது, பெரியவனுக்கு உண்டு. 3 பேர், 4 ராத்திரி, 90 யூரோ. இதே 3 ஸ்டார்னா தலைக்கு 6, மொத்தம் 72தான்.

பாரிஸ்லயும் தலைக்குத்தான், ஆனா 18 வயசு ஆகாதவங்களுக்கு வரி இல்ல, பசங்க ரெண்டு பேரும் ஃப்ரீ. 2024ல அந்த ஏரியா முழுக்க மெட்ரோ, பஸ் செலவுக்காகன்னு 200% கூடுதலா ஏத்தினதுல 4 ஸ்டாருக்கு தலைக்கு 8 யூரோவைத் தாண்டிடுச்சு. உங்களுக்கு 50 யூரோ சுமார்.

ஆம்ஸ்டர்டாம்தான் மோசம். அங்க தலைக்கணக்கே கிடையாது, வாட் சேக்காத ரூம் வாடகைல 12.5%, 2024 ஜனவரிலேந்து. பசங்க இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான். ரூம் 200 யூரோன்னா ராத்திரிக்கு 25, மூணுக்கு 75. போதாததுக்கு நெதர்லாந்துல ஹோட்டல் ரூமுக்கான வாட்டையும் 9%லேந்து 21% ஆக்கிட்டாங்க, 2026 ஜனவரிலேந்து.

ஆக மொத்தம் 215 யூரோ, நம்ம காசுல இருபதாயிரத்துக்கு மேல. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ்னு எல்லாம் கட்டிட்டு கார்டுல லிமிட் ஒட்டிப்போய் நிக்கிறப்ப ரிசப்ஷன்ல இதைக் கேட்டா கஷ்டமா இருக்கும், இப்பவே தனியா எடுத்து வச்சிருங்க. ஒண்ணு மட்டும் செக் பண்ணுங்க, மூணு புக்கிங்லயும் ஒரே மாதிரி இருக்காது, சிலது டாக்ஸை முன்னாடியே சேத்து வாங்கியிருக்கும். அப்படி இருந்தா அந்த பில்லை போன்ல சேவ் பண்ணிக்குங்க, ரெண்டாவது தடவ கேட்டா காட்டலாம்.

கேள்வி: ரோம்ல டாக்ஸை கேஷா மட்டும் குடுங்கன்னு ஹோட்டல்ல மெயில் வந்திருக்கு. குடுக்கலாமா?

பதில்: இத்தாலில இப்படி கேக்குறது ரொம்ப சகஜம், குறிப்பா சின்ன ஹோட்டல்லயும் வீட்டை வாடகைக்கு விடுறவங்ககிட்டயும். குடுங்க, ஆனா ரசீது வாங்காம நகராதீங்க. அதுல எத்தன பேர், எத்தன ராத்திரின்னு இருக்கணும். 10 ராத்திரிக்கு மேல தங்கினா மிச்ச நாளுக்கு ரோம்ல வரி கிடையாது, அதையும் பாத்துக்குங்க.

கேள்வி: வெனிஸ்ல ரூம் ரேட் தாங்கல, அதனால மெஸ்த்ரேல தங்கி ட்ரெயின்ல போகப்போறோம். அந்த 5 யூரோ என்ட்ரி ஃபீஸ் எங்களுக்கும் உண்டா?

பதில்: கிடையாது. மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது, அங்க ரூம் எடுத்து தங்குவரி கட்டுறவங்களுக்கு என்ட்ரி ஃபீஸ் இல்ல. ஆனா சும்மா போய் நிக்க முடியாது, நகராட்சியோட சைட்ல போய் விலக்கு கேட்டு க்யூஆர் கோட் எடுத்து வச்சுக்கணும், செக்கிங்ல காட்டலன்னா 50லேந்து 300 யூரோ வரைக்கும் ஃபைன். வெனிஸ் நகராட்சிக்கு வெளிய, பதுவா மாதிரி பக்கத்து ஊர்ல தங்கிட்டு பகல்ல மட்டும் வந்து போறவங்கதான் கட்டணும். 2025ல முன்கூட்டியே கட்டினா 5, கடைசி நாலு நாளுக்குள்ள கட்டினா 10. வருஷம் முழுக்க கிடையாது, கூட்டம் அள்ளுற குறிப்பிட்ட நாள்ல, காலைல எட்டரைலேந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான். நாலு மணிக்கு மேல போறவங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி: ஹனிமூனுக்கு சான்டோரினி, 5 ஸ்டார், 5 ராத்திரி. கிரீஸ்ல எப்படி?

பதில்: வாழ்த்துகள்! அங்க தலைக்கு இல்ல, ரூமுக்கு. பருவநிலை பாதிப்பு நிதின்னு பேரு. 2025லேந்து ஏப்ரல் - அக்டோபர் சீசன்ல 5 ஸ்டாருக்கு ராத்திரிக்கு 15 யூரோ, 4 ஸ்டாருக்கு 10, 3 ஸ்டாருக்கு 5. உங்களுக்கு 75, பெரும்பாலும் ஹோட்டல்லதான் கேப்பாங்க. ஒரே ரூம்ல நாலு பேர் அடங்குற ஃபேமிலிக்கு இந்த சிஸ்டம் லாபம்.

கேள்வி: பாரிஸ் லா சப்பல்ல அண்ணா வீட்டிலதான் நிக்கப்போறம், எங்களுக்கும் வரி வருமோ?

பதில்: காசு குடுத்து தங்குற இடத்துக்குத்தான் வரி. அண்ணா வீட்டுக்கு ஒண்ணும் இல்ல.

கேள்வி: நான் புக் பண்ண ஹோட்டல் பேர்ல வாட்ஸ்ஆப்ல மெசேஜ், 'சிட்டி டாக்ஸ் கட்டலன்னா 12 மணி நேரத்துல புக்கிங் கேன்சல்'னு லிங்க். என் பேரு, தேதி எல்லாம் கரெக்டா இருக்கு.

பதில்: தொடாதீங்க! ஹோட்டலோட லாகினை திருடி, உள்ள இருக்கிற புக்கிங் விவரத்தை வச்சு இப்படி அனுப்புறது இப்ப பரவலா நடக்குது, அதனாலதான் பேர், தேதி எல்லாம் அச்சா பொருந்துது. சில சமயம் புக்கிங் ஆப்போட சாட்லயே கூட வரும். ஹோட்டலுக்கு நேரா போன் போடுங்க, அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, ஹோட்டலோட சொந்த சைட்ல இருக்கிற நம்பருக்கு. ஏற்கனவே கார்டு நம்பர் போட்டிருந்தா முதல்ல பேங்க்ல கார்டை பிளாக் பண்ணுங்க.

கேள்வி: இந்த டாக்ஸால நமக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: சில ஊர்ல கிடைக்கும். ஸ்விட்சர்லாந்துல பாசல், ஜெனீவால ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு ஊருக்குள்ள பஸ், ட்ராம் ஃப்ரீ கார்டு உண்டு. ஜெர்மனில பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் நிறைய ஊர்ல கோனுஸ்னு ஒரு கார்டு, ட்ரெயின்லயே போகலாம். அவங்களா எடுத்து நீட்டலன்னா நீங்க கேட்டு வாங்குங்க, டே பாஸ் வாங்கினப்புறம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல.