வங்கியில் கிடக்கும் 8 லட்சத்தை எப்போது தொடலாம்?

கேள்வி: எனக்கு வயது 64. பணி ஓய்வுக்குப் பிறகு தாய்லாந்தில், சியாங் மாயில் தனியாகத் தங்கியிருக்கிறேன். ஜனவரி 10 அன்று தங்கும் அனுமதிக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த ஜனவரி 28 வரை செல்லும். அதற்காக வங்கியில் போட்ட 8 லட்சம் பாட் அப்படியே இருக்கிறது. முழங்கால் அறுவைக்கு இரண்டரை லட்சம் வேண்டும். இந்த மார்ச் கடைசியில் எடுக்கலாமா?
— வாசகி, சியாங் மாய்

பதில்: மார்ச்சில் வேண்டாம் அம்மா. வலியோடு இருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் நீட்டிப்பு கிடைத்த நாளிலிருந்து 3 மாதம் 8 லட்சத்தில் ஒரு பாட்கூடக் குறையக் கூடாது. உங்கள் கணக்கில் அது ஏப்ரல் 10 வரை. உடனே 13 முதல் 15 வரை சோங்க்ரான் எனும் தாய் புத்தாண்டு விடுமுறை வந்துவிடும். அதனால் அறுவைக்கு ஏப்ரல் 20-க்குப் பிறகு ஒரு தேதி கேளுங்கள்.

“பாஸ்போர்ட்டில் நீட்டிப்பு முத்திரை விழுந்த மறுநாளே எடுத்துக்கொள்ளலாம்” என்று அங்கே பல வருடம் இருந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 2019-க்கு முந்தைய நடைமுறை. அந்த ஆண்டு விதி மாறியது. இப்போது 3 மாதம் கழிந்தாலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டரை லட்சம் எடுத்தால் உங்களிடம் ஐந்தரை லட்சம் நிற்கும். அதில் சிக்கல் இல்லை.

எடுப்பதைவிடத் திரும்பப் போடுவதில்தான் கவனம் வேண்டும். அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே 8 லட்சம் முழுசாக இருக்க வேண்டும். காலாவதிக்கு 30 நாள் முன்பு, அதாவது டிசம்பர் கடைசியில் விண்ணப்பிக்கப் போனால், அக்டோபர் கடைசிக்குள் பணம் வந்திருக்க வேண்டும். நீங்கள் அக்டோபர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் சில சமயம் நடுவில் நாலைந்து நாள் நின்றுவிடும்.

போடும்போது 8 லட்சத்தோடு நிறுத்தாமல், கூட ஐயாயிரம் பத்தாயிரம் சேர்த்துப் போடுங்கள். நான் பட்ட பாட்டினால் சொல்கிறேன். என் கணக்கில் சரியாக 8,00,000 வைத்திருந்தேன். வங்கி ஏடிஎம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணம் 300 பாட்டைத் தானாகப் பிடித்துக்கொண்டது. பாஸ்புக்கில் 7,99,700 என்று ஒரு வரி. இமிக்ரேஷன் அதிகாரி அந்த வரியைப் பென்சிலால் சுழித்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மீண்டும் 2 மாதம் காத்திருக்க என் அனுமதியில் நாள் இல்லை. நாட்டை விட்டு வெளியேறி, புது விசா எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கணக்குக்கு அட்டையே வைத்துக்கொள்வதில்லை. வாடகை, மளிகை எல்லாம் வேறு கணக்கில்.

கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கைப் பதிவு செய்யுங்கள். நெடுநாள் விட்டால் பல பரிவர்த்தனைகளை ஒரே வரியாகச் சுருக்கிவிடும், பிறகு தனியாக ஸ்டேட்மெண்ட் வாங்க வேண்டிவரும். விண்ணப்பிக்கும் நாள் காலையிலும் ஒரு பதிவு போட்டு, வங்கிக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். விண்ணப்பக் கட்டணம் 1,900 பாட்.

ஏப்ரலில் பணம் எடுக்கும்போது மருத்துவமனை ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். விதி கேட்பதில்லை என்றாலும், ஏன் எடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் காட்ட உதவும். கால் குணமானதும் ஒரு வரி எழுதுங்கள் அம்மா.