ராமேஸ்வரத்தின் மிதக்கும் கல்லும் ஆபிரகாம் கோவூரும்

ராமேஸ்வரத்தில் தொட்டி நீரில் மிதக்கும் கல்லை அதிசயமென்று நம்பும் பெற்றோருக்கு, பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரின் வழியில் எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராகப் பணியாற்றிய கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அப்பரிசை வெல்லவில்லை. அறிவிப்பைவிட, எதையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவைச் சாதாரண மக்களுக்குத் தந்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

மிதக்கும் கல்லையும் அவ்வாறே சோதிக்கலாம். எரிமலைக் குழம்பு வாயுவோடு பொங்கி விரைவில் உறையும்போது நுரைக்கல் உருவாகிறது; அதன் எண்ணற்ற துளைகளில் அடைபட்ட காற்றால், கல்லின் மொத்த அடர்த்தி நீரினுடையதைவிடக் குறைகிறது. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது சிதறிய இத்தகைய கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து சென்றன. ஆகவே எரிமலையே இல்லாத ராமநாதபுரக் கரையில் ஒரு நுரைக்கல் கிடைப்பதில் வியப்பில்லை. அதன் சிறு துண்டை நன்றாகப் பொடித்து நீரிலிட்டால், துளைகளை இழந்த பொடி மூழ்கிவிடும்.

பெற்றோரின் பக்தியைச் சீண்டாமல், அந்தப் பொடியை அவர்கள் கையாலேயே நீரில் போடச் சொல்லுங்கள்.